நாலு விரல் உயரம்

பாஞ்சாலையை மேஸ்திரியாக்கியவர் காண்டிராக்டர் ஆதிநாராயணன். கூலியைக் கூட்டாமல் பட்டத்தை மட்டும் கூட்டிக் கொடுத்த தாராள மனசுக்காரர். எழுபத்தெட்டாம் வருஷம் ஆலங்காயத்திலிருந்து காவலூருக்கு ஏறும் மலைப்பாதையில் ஒரு துண்டுக்குத் தார் போட எடுத்திருந்தார். கீழிருந்து பாஞ்சாலையும் பதினாறு பெண்களும், மேலிருந்து ரங்கசாமி மேஸ்திரியும் அவருடைய ஆட்களும். முதலில் முடிப்பவருக்கே அடுத்த துண்டு என்று சொல்லிவிட்டு, அவர் வெற்றிலை போடப் போய்விட்டார்.

போட்டி பிரமாதமாக நடந்தது. இரண்டு மேஸ்திரிகளும் ஒரு மாதம் பேசிக்கொள்ளவில்லை. ஆனால் நூல் பிடித்து மட்டம் பார்க்க ஆளுக்கொரு முனை வேண்டும், கொஞ்சம் பேச்சும் வேண்டும். அது ஒருவருக்கும் தோன்றவில்லை. புளியமரத்து வளைவில் இரண்டு ரோடும் சந்தித்தபோது நடுவே நாலு விரல் உயரத்துக்கு ஒரு படி நின்றது. பாஞ்சாலையின் பக்கம் மேடு, ரங்கசாமியின் பக்கம் பள்ளம்.

மணி பன்னிரண்டு. நாலுக்கு ஓவர்சியர் ஜீப் வரும். படியைப் பார்த்தால் இரண்டு கோஷ்டியையும் விரட்டிவிடுவார். பதினாறு பெண்களும் பாஞ்சாலையின் முகத்தையே பார்த்தார்கள். மலைக்குப் பின்னால் வானம் கறுத்துக்கொண்டு வந்தது.

"இன்னா மேஸ்திரியம்மா, பாத்துனு நிக்கிற? உன் பக்கத்தச் செதுக்கு" என்றார் ரங்கசாமி.

"ஒரு விரல்கூட எறங்காது."

"எம் மட்டந்தான் மட்டம். பொம்பள போட்ட ரோட்டுக்கு நான் ஏறி வரணுமா?"

அவருடைய ஆள் கருப்பன் கடப்பாரையைத் தூக்கினான். பாஞ்சாலை படியின்மேல் ஏறி நின்றாள்.

"மொதல்ல என் கால ஒடை. அப்பறம் ரோட்ட ஒடை."

கடப்பாரை அந்தரத்தில் நின்றது. அவள் குடிக்க வைத்திருந்த பானைத் தண்ணீரை அவர் பக்கத்து ரோட்டில் கவிழ்த்தாள். தண்ணீர் விறுவிறுவென ஓடி, ஓரக் கால்வாயைத் தேடாமல் ரங்கசாமியின் செருப்பைச் சுற்றிக் குளம் கட்டியது.

"ஒரு பானைக்கே இப்பிடி. மழ வந்தா உன் ரோடு ஆலங்காயத்துக்குப் போய்டும்ணே."

ரங்கசாமி செருப்பைப் பார்த்தார். ஜெயித்தாயிற்று என்று பெண்கள் சிரிக்கத் தொடங்கியபோது, பாஞ்சாலை திரும்பி அவர்களை அதட்டினாள்.

"இன்னாடி சிரிப்பு? கூடையத் தூக்குங்க. அண்ணன் பக்கம் ஜல்லி கொட்டணும்."

ரங்கசாமி குரலைத் தாழ்த்தினார். "ஓவர்சியர் கேட்டா இன்னா சொல்லுவ?"

"ரங்கசாமி மேஸ்திரி ரோட்ட ஒசத்திட்டாருன்னு சொல்றேன். தாரு காச்சுங்க, மழ வருது."

பதினாறு கூடைகள் மேல் பக்கம் ஓடின. கருப்பன் கடப்பாரையைப் போட்டுவிட்டுத் தார் அடுப்பில் விறகு தள்ளினான். கடைசித் தடவை ரோலர் உருண்டு ஒதுங்கவும் ஜீப் வரவும் சரியாக இருந்தது. நடந்து பார்க்க வேண்டிய ஓவர்சியர் ஜீப்பிலேயே தூங்கிக்கொண்டிருந்தார். வளைவில் வண்டி குலுங்கவில்லை. அவர் விழிக்கவும் இல்லை. அதைவிடப் பெரிய சர்ட்டிபிகேட் அந்த மலையில் கிடையாது.

அடுத்த துண்டும் இரண்டு பேருக்கும் கிடைத்தது. ஆலங்காயம் டீக்கடையில் தான் ரோட்டை உயர்த்திய கதையை ரங்கசாமி ஒரு வாரம் சொன்னார். கேட்டவர்களிடம் பாஞ்சாலையும், "ஆமா, அவருதான் ஒசத்துனாரு" என்றாள்.

புது வேலை தொடங்கிய காலையில் நூலின் ஒரு முனையை அவர் கையில் கொடுத்தாள். மட்டம் பார்ப்பதைத் தன்னிடமே வைத்துக்கொண்டாள்.