அம்மாவின் நோய்க்கு இங்கே பெயர் உண்டு

நான் இருக்கும் இங்கிலாந்தின் லெஸ்டரில், சூப்பர்மார்க்கெட் வாசலில் கார்கள் நிற்கும் இடத்தில் ஒரு நீளமான வேன் நிற்கிறது. பால், ரொட்டி வாங்க வந்த பெண்கள் அதில் ஏறி, மார்பைப் படமெடுத்துக்கொண்டு இறங்கிப் போகிறார்கள். ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஐம்பது தாண்டியதும் எனக்கும் அழைப்பு வந்தது. கூடவே ஒரு துண்டுப் பிரசுரம். கைக்குத் தட்டுப்படும் முன்பே நோயைக் கண்டுபிடிக்கலாம், சிலருக்கு வீண் பயம் வரும், உயிரை எடுக்காத கட்டிக்கும் சிலர் அறுவை செய்துகொள்ள நேரும், முடிவு உங்களுடையது என்றிருந்தது. எனக்கு எரிச்சல் வந்தது. “எடுக்கலாமா, வேண்டாமா? நீங்களே சொல்லுங்கள்” என்று வேனில் இருந்த நர்ஸைக் கேட்டேன். நான் பயந்துவிட்டதாக நினைத்து அவள் தண்ணீர் கொடுத்தாள். பிறகு, குடும்பத்தில் யாருக்காவது மார்புப் புற்றுநோய் உண்டா என்றாள். “அம்மாவுக்கு” என்றேன், படமும் எடுத்துக்கொண்டேன்.

எங்கள் ஊர் கருமத்தம்பட்டியில் இதை நாங்கள் வாய்விட்டுச் சொன்னதே இல்லை. அம்மா மார்புக் கட்டியை அது உடைந்து நாறும்வரை மறைத்தாள். செத்த பிறகு குடல்புண் என்று ஊருக்குச் சொன்னோம். அந்தப் பொய்யில்தான் எனக்கும் அக்காவுக்கும் கல்யாணம் நடந்தது.

அக்கா இன்னும் அங்கேதான். வீட்டில் யாருக்கும் கேட்கக்கூடாதென்றால் தறி ஓடும் கொட்டகைக்குள் போய்ப் போனில் பேசுவாள். அந்தச் சத்தத்தில் கத்த வேண்டியிருக்கும்.

“அக்கா, கோயமுத்தூர் போய் நீயும் மேமோகிராம் எடுத்துப்போடு.”

“ஏனம்மணி, புள்ளைக்குக் காங்கேயத்து எடம் பேசிட்டிருக்கறது தெரியாதா? ஆஸ்பத்திரியில எவளாவது பாத்துப்போட்டா? ஆமா, நீ அங்க அம்மாவப் பத்திச் சொல்லிப்போட்டியா?”

“சொன்னேன்.”

“அடிப்பாவி! மாப்பிள்ளையோட சித்தப்பா பையன் உங்க லண்டன்லதான இருக்கறான்!”

லண்டன் எங்கே, லெஸ்டர் எங்கே! எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் சிரிக்கவில்லை.

“எடது பக்கம் கல்லாட்டம் ஒண்ணு இருக்குது கண்ணு. வலியே இல்ல. கல்யாணம் முடியட்டும்.”

வலி இல்லையென்றால் ஒன்றுமில்லை என்று எவன் சொன்னான்? பிரசுரத்தில் படித்ததெல்லாம் ஒன்றும் இல்லாதவர்களுக்கு. கட்டி இருப்பவளுக்கு யோசிக்க என்ன இருக்கிறது, உடனே டாக்டரிடம் ஓட வேண்டும். கத்தினேன், கெஞ்சினேன், நானே வந்து கூட்டிப் போகிறேன் என்றேன்.

“கல்யாணத்துக்கு வா, போதும். அவங்க கேட்டா, அம்மாவுக்குக் குடல்புண்ணுன்னு சொல்லு” என்று போனை வைத்துவிட்டாள்.

எனக்கு ஒன்றுமில்லை என்று முடிவு வந்தது. சந்தோஷப்பட முடியவில்லை. ஒரே மார்பில் பால் குடித்தவர்கள் நாங்கள். என் மார்பின் படம் இந்த நாட்டின் கணினியில் பத்திரமாக இருக்கிறது. அவளுடைய கட்டி முந்தானைக்குள், முகூர்த்தத் தேதிக்குக் காத்திருக்கிறது.