லினக்ஸுக்கு ஒத்துவரும் கனெக்ஷன்

லிப்ட் மெக்கானிக் அவர். கதவில் காதை வைத்தே கோளாறைச் சொல்லிவிடுவார். வீட்டில்தான் வாய் நீளம், காது குறைவு.

மனைவி ஒரு பதிப்பகத்தில் பிழை திருத்தினாள். மூன்றாம் மாடி ஆபீஸ், லிப்ட் கிடையாது. "லிப்ட்காரர் பெண்டாட்டி தினம் அறுபத்தாறு படி ஏறுறா" என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். இருதயம் பலவீனம் என்று டாக்டர் சொன்ன பிறகு அந்தச் சிரிப்பு நின்றது. முதலாளி இரக்கப்பட்டு ஆபீஸ் கம்ப்யூட்டர் ஒன்றை வீட்டுக்கே கொடுத்தனுப்பினார். நெட் மட்டும் போட்டுக்கொண்டால் வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம்.

அந்தக் கம்ப்யூட்டரில் ஓடியது வழக்கமான விண்டோஸ் இல்லை, லினக்ஸ். முதலில் போய் விசாரித்த நெட் கம்பெனியில், "விண்டோஸ் இல்லையா? அப்ப நாங்க பொறுப்பில்ல" என்றான் கவுண்டரில் இருந்தவன். இவர் விறுவிறுவென்று எழுந்து வந்துவிட்டார்.

"வேற எடத்துல கேட்டுப் பாருங்களேன்" என்றாள் மனைவி.

"சும்மா இரும்மா. ஒரு கம்பெனி லிப்டோட போர்டு இன்னொரு கம்பெனி லிப்டுல உக்காருமா? லினக்ஸுக்குன்னே எவனாவது கனெக்ஷன் வச்சிருப்பான். நான் பிடிக்கிறேன்."

"நீங்க பிடிக்கிறதுக்குள்ள நான் ரிட்டயர் ஆயிடுவேன்."

நாலு மாதம் அலைந்தார். "எங்க கனெக்ஷன் எல்லாத்துக்கும் ஓடும் சார்" என்று இரண்டு பேர் சொல்லத்தான் சொன்னார்கள். எல்லாத்துக்கும் பொருந்தும் என்று பார்ட் விற்கிறவனை அவர் தன் தொழிலில் என்றைக்கும் நம்பியதில்லை. இவர்களையும் நம்பவில்லை. அவள் படி ஏறிக்கொண்டே இருந்தாள். ஐந்தாம் மாதம் ஒரு திங்கட்கிழமை, இரண்டாம் மாடித் திருப்பத்தில் மூச்சு வாங்க உட்கார்ந்தவள் எழுந்திருக்கவேயில்லை.

அப்பாவைத் தனியே விட மனமில்லாமல் மகள், நெட்டிலேயே பார்க்கும் தன் வேலையோடு வீட்டுக்கு வந்தாள். வந்த மறுநாளே கனெக்ஷனுக்குச் சொல்லிவிட்டாள். ஒரு பெண் வந்து சுவரில் பெட்டியை மாட்டி, அம்மாவின் கம்ப்யூட்டரில் ஒயரைச் செருகினாள்.

"அது லினக்ஸும்மா" என்றார் இவர் அவசரமாக.

"இருக்கட்டும் சார். ஒயரைச் செருகினா தானா எடுத்துக்கும். பாருங்க, வந்திருச்சு."

"இதுக்குன்னு தனியா ஒண்ணும் வேண்டாமா?"

"எதுக்கு சார்?"

"போன வருஷமும் இப்படித்தானா?"

"நான் வேலைக்குச் சேர்ந்து எட்டு வருஷம் ஆச்சு சார். அப்பவே இப்படித்தான்."

அந்தப் பெண் கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டாள். இவர் கம்ப்யூட்டர் முன்னால் அமர்ந்து ஒயரைப் பிடுங்கினார். திரும்பச் செருகினார். பச்சை விளக்கு எரிந்தது. மறுபடி பிடுங்கினார், செருகினார். ஒவ்வொரு தடவையும், கொஞ்சமும் தாமதிக்காமல், அது எரிந்தது.

"போதும்ப்பா, விடுங்க" என்று மகள் கையைப் பிடித்தாள். அவர் விடவில்லை.