மணல் தொட்டியின் தோல்

இலங்கை மலைநாட்டில், மடுல்கெல்லப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் காளிமுத்து காவல் காத்த தொட்டித் தண்ணீரை ஒரு செம்பு குடித்தால், பொக்கை வாய்க் கிழவிக்கும் பல் முளைக்கும். பல் முளைத்தது என் கைச்சரக்கு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தத் தொட்டி வந்த பிறகு தொழிலாளர் குடியிருந்த லயத்துப் பிள்ளைகள் மழைக்காலத்தில் பேதியில் போவது நின்றுபோனது சத்தியம்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் கடைசியில் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை அதைக் கட்டுவித்தார். மேல் லயங்களின் ஓரமாக வரும் ஓடைத் தண்ணீர் தொட்டியில் விழும். கீழே இடுப்பளவு மணல், அதற்கும் கீழே சரளைக்கல், குழாய். தண்ணீர் அவசரமே இல்லாமல் மணலுக்குள் இறங்கும். மூட்டை தூக்கி இடுப்புப் பிடித்துப்போன காளிமுத்துவைக் காவலுக்குப் போட்டார்கள். மணல்மேல் பச்சையாய் ஏதோ படியத் தொடங்கியதும், தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிஸ்பென்சர் மயில்வாகனம், யாழ்ப்பாணத்து மனிதர், அதைக் குச்சியால் தொட்டுக் காட்டினார்.

"இதை ஊத்தை எண்டு நினையாதை. இந்தத் தோல்தான் கிருமியைத் தின்னுறது. அடைச்சுப்போனா மெல்லிசாச் சுரண்டு. தோல் திரும்ப வளருமட்டும் தண்ணியை வாய்க்காலிலை விடு. ஒருத்தருக்கும் குடுக்கப்படாது."

"எம் பொஞ்சாதி மாதிரின்னு சொல்லுங்க ஐயா. இருக்கிற எடம் தெரியாது, எல்லாத்தையும் முழுங்கிரும்."

மயில்வாகனம் சிரிக்கவில்லை. காளிமுத்துவும் சொன்னதை மறக்கவில்லை. சுரண்டிய நாட்களில் குழாயைப் பூட்டிவிட்டுப் படியில் உட்கார்ந்துகொள்வான். "தண்ணிக்குப் பாரா போடுற மகாராசா" என்று குடத்தோடு வந்த பெண்கள் ஏசுவார்கள். அசையமாட்டான்.

அவன் மகள் அங்கம்மாவுக்குச் சம்பந்தம் வந்தது. பக்கத்துத் தோட்டத்துச் சின்னமுத்து. திருவிழாவில் பார்த்து இருவருக்கும் பிடித்துப்போயிருந்தது. பரிசம் போட நாள் குறித்தார்கள். மனைவி சுப்பம்மா சுவருக்குச் சுண்ணாம்பு அடித்துவிட்டுத் தொட்டியை எட்டிப் பார்த்தாள்.

"ஊருல நல்ல காரியம்னா கெணத்தையே எறச்சுத் தூரு எடுப்பாங்க. வர்றவங்களுக்கு இந்தப் பாசித் தண்ணியவா குடுக்கப்போற?"

"பாசியில்ல புள்ள, தோலு."

"தோலோ வாலோ. செம்ப வாங்குறவங்க கண்ணுக்கு அது பாசி."

வீட்டுக்கு வருபவர் கையில் முதலில் கொடுப்பது தண்ணீர். அதைப் பார்த்துச் சம்பந்தி முகம் சுளித்தால்? ஒரு நாள்தானே, தெளிந்த தண்ணீர்தானே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். தோல் முழுவதையும் வழித்தெறிந்து, மணலை வெளுக்கும்வரை அலசிக் கொட்டி, மறுநாள் காலையே குழாயைத் திறந்துவிட்டான்.

தண்ணீர் கண்ணாடியாய் வந்தது. மாப்பிள்ளையின் மாமன் செம்பைத் தூக்கிப் பார்த்து, "இந்தத் தண்ணிக்காகவே பொண்ணெடுக்கலாம்ய்யா!" என்றார். ஊற்றியது அங்கம்மா என்பதால் சின்னமுத்து இரண்டாவது செம்பும் கேட்டான். எல்லாரும் சிரித்தார்கள். காளிமுத்துவுக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

கல்யாணத்துக்கு முன்பே மாப்பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தது. லயத்திலும் சிலர் படுத்து எழுந்தார்கள். நெருப்புக் காய்ச்சல், தண்ணீரால் வரும் டைபாய்டு, என்றார் மயில்வாகனம். சின்னமுத்துவை லொறியில் கண்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அவன் திரும்பவில்லை.

மயில்வாகனம் தொட்டிக்கு வந்து வெள்ளை மணலில் ஒரு பிடி அள்ளிப் பார்த்தார்.

"விருந்தாளிங்க வர்றாங்கன்னு..." என்றான் காளிமுத்து.

"தெரியாமச் செய்திருந்தா ஏசியிருப்பன்" என்று மட்டும் சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

வேலையைவிட்டு நிறுத்தவில்லை, நிறுத்தியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். மணலில் பச்சை மறுபடி வளர்ந்தது. அங்கம்மா வேறு யாரையும் கட்டிக்கொள்ளவில்லை. காளிமுத்து சாகும்வரை அந்தத் தொட்டித் தண்ணீரை வாயில் வைக்கவே இல்லை.

இப்படி எழுதி வாசித்துக் காட்டினேன். எதிர்க் கதிரையில் இருந்த, இப்போது கிழவியாகிவிட்ட அங்கம்மா விடவில்லை.

"தப்பு. குடிச்சாரு. சுரண்டுன ஒவ்வொரு தடவையும், எங்களுக்குக் கொழாயத் தெறக்கிறதுக்கு முந்தி அவரு மட்டும் குடிச்சுட்டு, காய்ச்ச வருதான்னு பாத்துக்கிட்டு இருப்பாரு. வரலன்னதும் அந்த மொகத்தப் பாக்கணுமே. ஏமாந்துபோன மாதிரி இருக்கும்."