பாண் வண்டியின் முதலாமிடப் பாட்டு

புத்தூர்ப் பேக்கரி ஒன்றின் பாண் ஓட்டோவைப் பின்னேரங்களில் கோப்பாய் ஒழுங்கைகளுக்குள் ஓட்டி வருபவர் குகதாசன். பின்னாலுள்ள கண்ணாடிப் பெட்டிக்குள் பாணும் சீனி தூவிய பணிசும் ஆடியாடி வர, கூரையில் கட்டிய ஒலிபெருக்கியில் பேக்கரிக்கென்று இருக்கும் மெட்டு ஓடும். அதைக் கேட்டால் படுத்திருப்பவர்களும் எழும்பி வாசற் படலைக்கு வருவார்கள். குகதாசனுக்கு மட்டும் பல்லுக் கூசும்.

அவருடைய உயிர் வேறு பாட்டுகளில் இருந்தது. படத்துக்கென்று இல்லாமல், தாங்களே எழுதி, ஒரு கித்தாரோ உடுக்கோ கையிலெடுத்து, நாட்டார் மெட்டில் தாங்களே பாடி இணையத்தில் விடுகிற இளம் பிள்ளைகளின் பாட்டுகள். மட்டக்களப்பில் ஒருவன், அட்டனில் ஒருத்தி, ரொறன்ரோவில் பனிக்குள் நின்றுகொண்டு முருங்கைமரத்தைப் பாடும் ஒரு பிள்ளை. வெளிவந்தவுடன் கேட்டுவிடுவார். ஆனால் உடனே தீர்ப்புச் சொல்லமாட்டார். நல்ல பாட்டென்றால் கிடங்கும் பள்ளமுமான ஒழுங்கையிலும், பணிஸ் தட்டுகள் கிடுகிடுக்கும்போதும் நல்லதாகவே கேட்க வேண்டும் என்பது அவர் வைத்திருந்த சட்டம். கேட்டுக்கொண்டே போய்த் திரும்ப வேண்டிய ஒழுங்கையைத் தவறவிட்டால் அந்தப் பாட்டுக்கு ஓரிடம் கூடும். வருடக் கடைசியில் முதல் ஐந்து இடங்களையும் முடிவுசெய்வார். தேர்தல் முடிவைப்போல மனைவி உதயகலாவுக்கு அறிவிப்பார். அவர் மீன் வெட்டிக்கொண்டே ஓம் ஓம் என்பார்.

அதுதான் குகதாசனின் கவலை. தன் முதலாமிடப் பாட்டைத் தன்னைத் தவிர இன்னொரு சீவன் தொடக்கத்திலிருந்து முடிவுவரை கேட்க வேண்டும். ஒரே ஒருவர் போதும். பேக்கரியில் மாவு குழைப்பவர்களுக்குப் போட்டுக் காட்டினார். பாதியில் ஒருவர் கிரிக்கெட் நிலவரம் கேட்டார். மைத்துனருக்கு அனுப்பினார். மைத்துனர் கைகூப்பும் படமொன்றைத் திருப்பி அனுப்பினார். அதற்குள் பாட்டின் பாதிகூட ஓடியிருக்காது.

மார்கழியில் முதலாளி நாகலிங்கம் கொழும்புக்குப் போனார். குகதாசன் பேக்கரி மெட்டைக் கழற்றிவிட்டுத் தன் ஐந்து பாட்டுகளையும் ஒலிபெருக்கியில் ஏற்றினார். நாளுக்கு ஒன்று, ஐந்தாமிடத்திலிருந்து மேல்நோக்கி.

தொடக்கம் சுமாராகத்தான் இருந்தது. அட்டன் பிள்ளையின் தப்பு மேளச் சத்தத்தைக் கேட்டுக் கோயில் ஏதோ காசு சேர்க்க வருகிறதென்று இரண்டு வீடுகள் படலையைப் பூட்டின. மட்டக்களப்புப் பாட்டுக்கு ஒழுங்கை நாய்கள் எல்லாம் கூடி வந்து பின்பாட்டுப் பாடின. முருங்கைப் பாட்டன்று மட்டும் ஞானாம்பிகை மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தார். வெங்காயத் தோட்டமும் கூர்மையான வாயும் உடைய மனுசி அவர். பாண் வண்டி என்று தெரிந்ததும் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

முதலாமிடப் பாட்டின் நாள் வந்தது. மன்னார்ப் பிள்ளை ஒருத்தி பாடிய ‘வள்ளம் இன்னும் வரேல்லை.’ கடலுக்குப் போனவனுக்காகக் கரையில் காத்திருக்கும் பெண்ணின் கதை. வாத்தியம் ஒன்றுமில்லாமல் தனிக்குரல், நீட்டி நீட்டி எடுப்பாள். குகதாசன் பாட்டுக்குப் பொருத்தமாக வண்டியை நடைவேகத்தில் விட்டார்.

அதிசயம் நடந்தது. படலைகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. ஆட்கள் வெளியே வந்து ஒரு வார்த்தை கதைக்காமல் நின்றார்கள். கிணற்றடியில் குளித்துக்கொண்டிருந்த ஓய்வுபெற்ற தபாற்காரர் தியாகராசா ஈரத் துவாயோடு ஓடிவந்து, தலைகுனிந்து நின்றார். ஞானாம்பிகை அடுப்பிலிருந்த கேத்தலை இறக்கிவைத்துவிட்டு வந்தார். குகதாசன் சத்தத்தை இன்னும் கொஞ்சம் கூட்டினார். முச்சந்தியில் வண்டியை நிறுத்தினார்.

அந்தப் பகுதியில் யாராவது செத்தால், கிடைக்கிற ஓட்டோவில் ஒலிபெருக்கி கட்டி, சோகமாக ஒன்றைப் போட்டுக்கொண்டு மெதுவாக வருவார்கள். அது நின்ற இடத்தில்தான் பெயரைச் சொல்வார்கள். ஊருக்கே தெரிந்த இந்த விசயம் குகதாசனுக்கும் தெரியும். ஆனால் அந்த நேரம் அவர் மூளையில் பாட்டைத் தவிர வேறொன்றுக்கும் இடமிருக்கவில்லை.

தியாகராசா மெதுவாகக் கிட்ட வந்தார். “ஆர் தம்பி?”

“மன்னார்ப் பிள்ளை ஒண்டு ஐயா.”

“என்ன வயசு?”

“இருபத்திரண்டுதான்.”

கூட்டத்தில் பெருமூச்சு எழுந்தது. “எப்பவாம்?”

“போன மாசம். நான் அண்டைக்கே கேள்விப்பட்டனான்.”

“போன மாசமோ? அப்ப முப்பத்தோராம் நாள் அந்திரட்டியும் முடிஞ்சிருக்குமே?”

குகதாசன் குழம்பினார். “பாட்டுக்கு என்னத்துக்கு ஐயா அந்திரட்டி?”

அந்த நேரம் பார்த்துக் காற்று பின்னாலிருந்து அடித்தது. சுடச்சுடப் பாண் மணந்தது. ஊர் ஒரு கணம் மணந்து பார்த்தது. பிறகு வாயைத் திறந்தது. பாதி வேலையில் விட்டுவந்த தோசை, தண்ணீர் பாயும் மிளகாய்க் கன்று, சவர்க்காரம் போகாத முதுகு எல்லாவற்றுக்கும் குகதாசனே பொறுப்பேற்க வேண்டியதாயிற்று. இதற்குள் தியாகராசாவின் வீட்டுக்குள் கைபேசி அடித்தது. ரொறன்ரோவிலிருந்து மகன். கோப்பாயில் யாரோ போய்விட்டதாக யாரோ சொன்னார்களாம். அப்பாவின் வயதை வைத்துப் பார்த்தால் அவராக இருக்கலாம் என்று நினைத்தானாம். தான் சாகவில்லை என்று தியாகராசா அவனுக்கு விளங்கப்படுத்த நேரமெடுத்தது. ஏச்சு தொடங்கியபோதே, கடைசி அடிகள் வருமுன், பாட்டை நிறுத்திவிட்டிருந்த குகதாசன் ஓட்டோவைத் திருப்பினார்.

முறைப்பாடு கொழும்புக்குப் போய்ச் சேர்ந்தது. இனிப் பேக்கரி மெட்டைத் தவிர வேறேதாவது அந்த ஒலிபெருக்கியில் கேட்டால் வண்டியைப் பூட்டித் திறப்பைக் கொண்டுவந்து மேசையில் வைக்கும்படி நாகலிங்கம் முதலாளி சொல்லிவிட்டார்.

மறுநாள் குகதாசன் பல்லைக் கடித்துக்கொண்டு பழைய மெட்டோடு வந்தார். ஞானாம்பிகை படலையில் நின்று மறித்தார். பணிசைத் தொட்டும் பார்க்கவில்லை.

“தம்பி, உந்த வள்ளம் கடைசியிலை வந்ததோ, இல்லையோ?”

குகதாசனுக்கு நம்ப முடியவில்லை. “நீங்கள் கேட்டனீங்களோ அக்கா?”

“பேரைச் சொல்லுவினமெண்டு காது குடுத்துக்கொண்டெல்லோ நிண்டனான். ஒரு சொல்லும் விடேல்லை. முடிவு தெரியாமல் ராத்திரி நித்திரையில்லை.”

முடிவை வாயால் சொல்வது பாட்டுக்குச் செய்யும் துரோகம். ஒலிபெருக்கியோ தடை. குகதாசன் இருந்தபடியே பின்னால் எட்டிக் கைபேசியைப் பணிஸ் தட்டுக்குள் வைத்துப் பாட்டை முதலிலிருந்து போட்டார். கண்ணாடிப் பெட்டிக்குள் குரல் கும்மென்று கேட்டது. ஞானாம்பிகை தலையைப் பாண்களுக்கு நடுவே நுழைத்துக்கொண்டார். இறாத்தல் பாணொன்று வாங்க வந்த தியாகராசா, காசை நீட்டியபடி மற்றப் பக்கத்தால் காதைக் கொடுத்தார். ஒழுங்கையின் மற்ற வீடுகள் பாணுக்குக் காத்திருந்தன. பாட்டு முடிந்தது. கடைசிச் சொல்வரை.

ஞானாம்பிகை தலையை வெளியே எடுத்தார். தலைமயிரில் சீனி ஒட்டியிருந்தது. கண்ணும் கொஞ்சம் கலங்கித்தான் இருந்தது.

“நல்ல பாட்டு,” என்றார். “ஆனா முதலாமிடம் குடுக்கேலாது. உந்த முருங்கைப் பாட்டுத்தான் முதலாவது.”

“அக்கா, அது ரெண்டாவது.”

“ஆர் சொன்னது?”

“எனக்கு அந்த அட்டன் பிள்ளையின்ரை தப்புத்தான் பிடிச்சது,” என்றார் தியாகராசா, இன்னும் காசை நீட்டியபடி.

ஒருவராவது கேட்க வேண்டும் என்றுதான் குகதாசன் இத்தனை காலமும் ஆசைப்பட்டிருந்தார். கேட்டவர்கள் தங்களுக்கென்று ஒரு வரிசை வைத்திருப்பார்கள் என்பதை அவர் நினைத்துப் பார்த்ததேயில்லை. ஒழுங்கைக் கோடியிலிருந்து யாரோ பாணுக்குக் கூப்பிட்டார்கள். குகதாசன் ஓட்டோவின் எஞ்சினை நிறுத்தி, திறப்பைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு இறங்கினார். முருங்கையை முதலாமிடத்தில் விட்டுவிட்டு அவரால் போக முடியாது.