மனுவில் எழுதாத கைகள்

அடுத்தவன் வேலை தேடுவதற்கு மனு டைப் அடித்துக் கொடுப்பதுதான் என் வேலை. அறுபதுகளில் கிங்ஸ் சர்க்கிளில் ஒரு சைக்கிள் கடை ஓரமாக ஒரு மெஷின், இரண்டு ஸ்டூல், அவ்வளவுதான் ஆபீஸ். நீங்களும் மனு போட்டுவிட்டுத் தபால்காரன் முகத்தையே பார்த்து நின்றவர்கள்தானே. விளக்கத் தேவையில்லை. நான் அடித்த மனுக்களில் ஒரே ஒருவனுடைய கதையைச் சொல்கிறேன்.

பொழுதுபோக்கு

செல்லத்துரைக்குத் தாராவியில் தோல் பதனிடும் கிடங்கில் வேலை. சுண்ணாம்புத் தொட்டியில் தோலை முக்குவான், எடுப்பான். வெறுங்கை. விரலெல்லாம் வெடித்து, நகம் மஞ்சளாகிக் கிடந்தது. சுண்ணாம்பை விடாவிட்டால் கை எதற்கும் உதவாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ராத்திரிப் பள்ளிக்கூடத்தில் படித்து எஸ்.எஸ்.சி. பரீட்சை தேறியிருந்தான். உட்கார்ந்து எழுதுகிற வேலை, எதுவானாலும் சரி என்று என்னிடம் வந்தான்.

பெயர், வயது, படிப்பு அடித்தாயிற்று. பொழுதுபோக்கு என்ன என்று கேட்டேன். அந்தக் காலத்தில் அது ஒரு மோஸ்தர். தபால்தலை சேர்க்கிறேன், டென்னிஸ் ஆடுகிறேன் என்று அடிக்காவிட்டால் மனுவே ஆகாது. செல்லத்துரை நன்றாக யோசித்துவிட்டுச் சொன்னான்: "தூங்குறதுதாம் அண்ணாச்சி. அதுவும் ஞாயித்துக்கிழமதாம்."

அனுபவம்

தோல் கிடங்கு என்று எழுதினால் ஆபீஸ்காரன் கவரோடு குப்பையில் போட்டுவிடுவான். எதை விடுவது என்று தெரிந்தவன்தான் நல்ல டைப்பிஸ்ட். அனுபவம் என்ற இடத்தில் 'இல்லை' என்று அடித்தேன். காகிதத்தை உருவிக் கையில் கொடுத்தேன்.

அவன் அந்த ஒரு வார்த்தையையே பார்த்துக்கொண்டு நின்றான். அடுத்த ஆள் காத்திருக்கிறான், நகரு என்றேன். நகரவில்லை. "அப்பம் ஆறு வருசமா நான் சும்மாவா இருந்தேன் அண்ணாச்சி?"

தெரிந்த பெரிய மனிதர்

மனுதாரரை நன்கு அறிந்த பெரிய மனிதர் ஒருவர் பெயர் வேண்டும் என்பார்கள். தோல் முக்குகிறவனுக்கு எந்தப் பெரிய மனிதரைத் தெரியும்? அதற்கு மாட்டுங்காவில் விஸ்வநாதன் சார் இருந்தார். ரிட்டயர்டு ஹெட்கிளார்க். என்னிடம் வருகிறவர்களுக்கெல்லாம் அவர் பெயர்தான். ஆளைப் பார்க்காமலே சம்மதிப்பார்.

செல்லத்துரை மட்டும் நேரில் போய் ஒரு வார்த்தை நன்றி சொல்ல வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தான். நானும் கூடப் போனேன். மாடிப்படியில் பாதி ஏறுவதற்குள் சார் மூக்கைத் துண்டால் பொத்திக்கொண்டு, அவன் தலைக்கு மேலாகக் கீழே நின்ற என்னிடம் பேசினார். "சின்ன வயசுலேர்ந்தே தெரியும், ரொம்ப நல்லவன்னு அடிச்சுக்கோங்கோ. மேல மட்டும் வர வேண்டாம்னு சொல்லிடுங்கோ."

ஸ்டுடியோ கோட்டு

ஃபோட்டோ ஒட்ட வேண்டும். செல்லத்துரை குடியிருந்த லேபர் கேம்ப் பக்கத்து ஸ்டுடியோவில் ஒரு கறுப்புக் கோட்டு தொங்கும். எல்லோரும் அதையே மாட்டிக்கொண்டு படம் எடுப்பார்கள். குண்டனுக்கு ஸ்டுடியோக்காரன் முதுகுப் பக்கம் பிரித்துவிடுவான், ஒல்லிக்குக் கிளிப் போடுவான்.

ஒரு வழியாக, ஆபீஸ்கள் நிறைந்த கோட்டைப் பக்கம் ஒரு கம்பெனி செல்லத்துரையை இண்டர்வியூவுக்குக் கூப்பிட்டது. கூடவே கேம்பிலிருந்து இன்னும் இரண்டு பேர். மூன்றும் நான் அடித்த மனு. மூன்று படத்திலும் அதே கோட்டு, காலரில் அதே கிழிசல். அதிகாரி படங்களை வரிசையாக வைத்துப் பார்த்துவிட்டு, சட்டையோடு நின்ற மூவரையும் பார்த்துக் கேட்டாராம்: "தீனோ பாயீ ஹை க்யா?" மூன்று பேரும் அண்ணன் தம்பியா என்று.

கையெழுத்து

சிரித்து முடித்துவிட்டு, கையெழுத்தைப் பார்க்க வேண்டும் என்று நாலு வரி எழுதச் சொல்லியிருக்கிறார்கள். இதை நான் நினைத்துப் பார்க்கவில்லை. மனுவில் மறைத்தேன். கையை எங்கே மறைப்பது?

பேனாவை அழுத்திப் பிடித்ததும் வெடிப்பு பிரிந்து ரத்தம் கசிந்திருக்கிறது. எழுதி முடித்துத்தான் கொடுத்தானாம். அதிகாரி காகிதத்தை விரல் நுனியால் தள்ளிவிட்டார். கைக்கு என்ன என்று கேட்பார் என்று இவன் காத்திருந்தான். அவர் பியூனைக் கூப்பிட்டார். "மேஜையைத் துடை."

கடைசி மனு

கொஞ்ச நாள் கழித்து வந்தான். வலதுகையில் துணி சுற்றியிருந்தது. "இருக்குறத அப்படியே அடிங்க" என்றான். அடித்தேன். தாராவி, தோல் கிடங்கு, சுண்ணாம்புத் தொட்டி, ஆறு வருஷம். பொழுதுபோக்கு இல்லை, பெரிய மனிதர் இல்லை. கோட்டு இல்லாத படம். அரைப் பக்கம்கூட வரவில்லை. இது எங்கே போய்ச் சேரப்போகிறது என்று நினைத்தேன்.

செம்பூர் பக்கம் ஒரு பெரிய தோல் கம்பெனியில் உடனே எடுத்துக்கொண்டார்கள். கிளார்க்கா என்று கேட்டேன். பையிலிருந்து முழங்கை வரைக்கும் நீண்ட ஒரு ஜோடி ரப்பர் உறையை எடுத்து என் மெஷின் மேல் வைத்தான். "அதே தொட்டிதாம் அண்ணாச்சி. ஆனா இவனுவ கைக்கு உறை குடுக்கானுவ."

நல்ல மனு எப்படி எழுதுவது என்று இன்றைக்கும் வந்து கேட்கிறார்கள். தொட்டியிலிருந்து ஆளைத் தூக்கிவிட்ட மனு எதையும் நான் அடித்ததில்லை, ஒரு ஜோடி உறை வாங்கிக் கொடுத்த மனு ஒன்று அடித்திருக்கிறேன்.