என் புருவத்தில் மாட்டிய முள்

சுற்றிலும் கடலை வைத்துக்கொண்டு குளத்தில் மீன் பிடிக்கிறாளே என்று எங்கள் ஆட்கள் என்னைக் கேலி செய்தார்கள். சேற்று மீன் என்று மூக்கைச் சுளித்தார்கள். சுளித்தவர்கள் எல்லோரும் ஆண்கள். அவர்களுக்குக் கடல் இருந்தது. தூத்துக்குடிப் பக்கத்துக் கரையில் பிறந்த எனக்கு மீனை அறுக்கத் தெரியும், உப்புப் போட்டுக் காயவைக்கத் தெரியும், கூடையில் சுமந்துபோய் விலை பேசத் தெரியும். தண்ணீரிலிருந்து ஒரு மீனை இழுத்து எடுக்க மட்டும் யாரும் என்னை விட்டதில்லை. பெண் வள்ளத்தில் கால் வைக்கக் கூடாது என்பது எங்கள் ஊர் வழக்கம். கல்யாணமாகி நான் அந்தமானின் போர்ட் பிளேரில் கப்பலை விட்டு இறங்கியபோது அந்த வழக்கமும் பெட்டி படுக்கையோடு கூடவே இறங்கிவிட்டது.

அறுபதுகளில் லம்பா லைனில் குடியிருந்தோம். நடந்து போகிற தூரத்தில் ஒரு பொதுத் தோட்டம், அதற்குள் ஒரு நல்ல தண்ணீர்க் குளம். ரோகு, கட்லா மீன் குஞ்சுகளை விட்டு வளர்த்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் யார் வேண்டுமானாலும் தூண்டில் போடலாம். வலை கூடாது, ஒரு சாணுக்குக் குறைந்த மீனைத் திரும்ப விட்டுவிட வேண்டும், அவ்வளவுதான் சட்டம். பெண்கள் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. ஒருத்தி தூண்டிலோடு வந்து நிற்பாள் என்று அவர்களுக்குத் தோன்றியிருக்காது.

வங்காளிகள் ஆட்டா மாவை உருட்டித் தூண்டில் முள்ளில் செருகுவதை இரண்டு மூன்று வாரம் வேடிக்கை பார்த்தேன். பிறகு ஒரு மூங்கில் குச்சியை வெட்டிக்கொண்டு மாதா கோயிலில் பூசை முடிந்த கையோடு நானும் போய் உட்கார்ந்தேன். தக்கை ஆடி, உள்ளே போய், அந்த முதல் இழுப்பு கைக்கு வந்தபோது வாய்விட்டுக் கத்திவிட்டேன். அவ்வளவு சந்தோஷம் எனக்குக் கல்யாணத்தன்றுகூட வரவில்லை. இதை என் வீட்டுக்காரரிடமே சொல்லியிருக்கிறேன், அவர் சிரிக்கவில்லை.

அதன் பிறகு ஒரு ஞாயிறு தவறியதில்லை. பாசி பிடித்த படிகளை விட்டு, காய்ந்த கரையாகப் பார்த்து உட்காருவேன். சின்ன மீன் மாட்டினால் கையை நனைத்துக்கொண்டு முள்ளைக் கழற்றித் தண்ணீருக்குள் விடுவேன். தூண்டிலில் கட்டுகிற தங்கூசி நரம்பு அறுந்தால் அதைக் கரையில் போடமாட்டேன். ஒரு முறை அப்படி யாரோ போட்ட நரம்பு ஒரு கொக்கின் காலைச் சுற்றிக்கொண்டு, அது பறக்கவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் துடித்ததைப் பார்த்து எனக்கு அழுகை வந்துவிட்டது. நரம்பை அறுத்து அதை விடுவிக்கப் போனவளை அது கொத்தியது வேறு கதை.

என் வீட்டுக்காரருக்குத் துறைமுகப் பட்டறையில் வேலை. பெண்டாட்டி வாராவாரம் மீன் கொண்டுவருவதை அவரால் எத்தனை நாள் பொறுக்க முடியும்? ஒரு ஞாயிறு, தூண்டில் போடுவது எப்படி என்று காட்டுகிறேன் பார் என்று கிளம்பி வந்தார். கொண்டுவந்தது கடலுக்குப் போடுகிற கைத்தூண்டில். பெரிய முள், கனமான ஈயக்குண்டு. வள்ளத்தின் முனையில் நின்று வீசுகிற எங்கள் ஊர் ஆண்களுக்கு ஒரே ஒரு வீச்சுதான் தெரியும். நரம்பைத் தலைக்கு மேல் சுழற்று சுழற்று என்று சுழற்றி, தொலைவில் போய் விழும்படி விட வேண்டும். கடலில் முதுகுக்குப் பின்னால் யார் இருக்கப் போகிறார்கள்? பின்னால் திரும்பிப் பார்க்கிற பழக்கமே அவர்களுக்குக் கிடையாது.

பின்னால் நான் இருந்தேன். மாவு உருட்டிக்கொண்டிருந்தேன். ஈயக்குண்டு காதோரம் உரசிக்கொண்டு போனது, முள் இடது புருவத்தில் ஏறிவிட்டது. மீன் மாட்டிவிட்டது என்று நினைத்து அவர் ஒரு சுண்டு வேறு சுண்டினார்.

ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர் முள்ளைப் பின்னால் இழுக்காமல் முன்னால் தள்ளி, நுனியை வெட்டி எடுத்தார். கண் தப்பியது தெய்வச் செயல் என்றார். என் வீட்டுக்காரர் சுவரோரம் நின்று தேம்பித் தேம்பி அழுதார். அந்த அழுகையைப் பார்த்து நான்தான் அவரைத் தேற்றினேன்.

வீட்டுக்கு வந்ததும் கதை மாறிவிட்டது. அடுத்த வீட்டில் இருந்த அவருடைய அக்கா, என் மதினி, என் நெற்றிக் கட்டைப் பார்த்ததும் ஆரம்பித்தாள்.

"ஏட்டி, பொம்பளைக்கு எதுக்கு இந்த வேல? ஆம்பளைக நிக்கிற எடத்துல போயி உக்காந்தா படத்தான செய்யும்? இன்னையோட நிறுத்து."

நான் அவரைப் பார்த்தேன். அவர் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு, "அக்கா சொல்லுததுலயும் ஞாயம் இருக்குல்லா" என்றார்.

புருவத்து வலியெல்லாம் ஒன்றுமே இல்லை என்று ஆகிவிட்டது. முள்ளை வீசியவர் அடுத்த வாரமும் குளத்துக்குப் போகலாம். குத்து வாங்கியவள் அடுப்படியில் கிடக்க வேண்டும். இது எந்த ஊர் ஞாயம்? அன்றைக்குச் சோற்றை அவர் முன்னால் வைத்துவிட்டு நான் வாசலில் போய் உட்கார்ந்துகொண்டேன். எனக்கு இருந்தது அந்த ஒரு குளம். அதையும் பிடுங்கப் பார்த்தார்கள்.

அடுத்த ஞாயிறு நெற்றியில் கட்டோடு தோட்டத்துக்குப் போனேன். வாசலில் காவல் நிற்கும் சௌக்கிதார் குறுக்கே தடியை நீட்டினார். "லேடீஸ் பந்த். ஆர்டர் ஹை" என்றார். பெண்களை இனி உள்ளே விடக் கூடாதாம், ஆர்டராம்.

"கிஸ்கா ஆர்டர்?" என்றேன்.

யாருடைய ஆர்டரும் இல்லை. போன வாரம் ரத்தத்தைப் பார்த்துப் பயந்த மனிதர், இனிமேல் பெண்களை விடாமல் இருந்தால் தன் தலை தப்பும் என்று தாமே போட்டுக்கொண்ட ஆர்டர். வீசினவர் ஆண்பிள்ளை, என் தப்பு என்ன, நிறுத்துவதாக இருந்தால் தலைக்கு மேல் சுற்றுவதை நிறுத்துங்கள், கீழேயிருந்து போடச் சொல்லுங்கள் என்று எனக்குத் தெரிந்த ஓட்டை இந்தியில் கத்தினேன். கத்திக்கொண்டே தடியைத் தள்ளிவிட்டு உள்ளே போய் என் இடத்தில் உட்கார்ந்துவிட்டேன். பெண்ணைத் தொட்டு இழுக்க அவருக்குத் தைரியம் வரவில்லை.

கரையில் எங்கள் ஊர் ஆட்கள் சிலரும் கைத்தூண்டிலோடு நின்றார்கள். ஒருவர் சுழற்றக் கையை ஓங்கினார். நான் திரும்பி நெற்றிக் கட்டைக் காட்டினேன்.

"அண்ணாச்சி, பின்னால பாத்துட்டுப் போடுங்க. இன்னொரு புருவம் என்கிட்ட மிச்சமிருக்கு."

அவர் கையை இறக்கிவிட்டார். முனகிக்கொண்டேதான் இறக்கினார். எனக்கு அது போதும்.

அதற்குள் சௌக்கிதார் ஆள் அனுப்பி என் வீட்டுக்காரரை வரவழைத்துவிட்டார். உன் பெண்டாட்டியை வெளியே கூட்டிக்கொண்டு போ, இல்லாவிட்டால் தூண்டிலையே மொத்தமாக நிறுத்திவிடுவேன் என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். கரையில் இருந்தவர்கள் என்னை முறைத்தார்கள். என் வீட்டுக்காரர் மெதுவாக என் பக்கம் வந்து நின்றார். இழுத்துக்கொண்டு போகப்போகிறார் என்றுதான் நினைத்தேன். போகமாட்டேன் என்று மூங்கிலை இறுகப் பிடித்துக்கொண்டேன். அவர் என் நெற்றிக் கட்டைப் பார்த்தார். பிறகு சௌக்கிதாரிடம் திரும்பினார்.

"போட்டது மை. கல்தி மேரா. நிறுத்துறதுன்னா என்னைய நிறுத்து" என்றார். பாதி இந்தி, பாதி தூத்துக்குடி. வீசினது நான், தப்பு என்னுடையது என்று எல்லோருக்கும் புரிந்தது.

சௌக்கிதாருக்கு யாரையாவது வெளியே அனுப்பியாக வேண்டும். அனுப்ப ஓர் ஆள் தானாகவே கிடைத்ததும் முகம் தெளிந்துவிட்டது. "தோ தும் பாஹர்", அப்படியானால் நீ வெளியே போ என்று வாசலைக் காட்டினார். என் வீட்டுக்காரர் மறுபேச்சுப் பேசாமல் வெளியே போய், வேலிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டார்.

எனக்கு எழுந்து ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொள்ளலாமா என்றுகூட இருந்தது. எழுந்திருக்கவில்லை. இன்றைக்கு எழுந்துவிட்டால் இனி என்னை யாரும் உட்கார விடமாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். மாவை உருட்டிச் செருகி, பின்னால் ஒரு முறை பார்த்துவிட்டு, கீழேயிருந்து மெதுவாகத் தூண்டிலைப் போட்டேன்.

மாட்டியது ஒரே ஒரு ரோகு. சாணுக்கு ஒரு விரல் குறைவு. விட்டுவிட்டேன். வேலிக்கு அப்பாலிருந்து அவர் "ஐயோ" என்றது கேட்டது. வெயில் ஏறியது. மற்றவர்கள் ஒவ்வொருவராகச் சுருட்டிக்கொண்டு கிளம்பினார்கள். அவர் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றார்.

"ஏட்டி, வீட்டுக்குப் போவமா?" என்று கேட்டார்.

"நீங்க போங்க. நான் பொறவு வாரேன்" என்றேன். தக்கையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.