ஒரு டம்ளர் தூக்கும் கை

நகக்கண்ணில் ஒட்டிய கிரீஸைத் துணியால் தேய்த்தெடுத்த பிறகுதான் லிஃப்ட் மெக்கானிக் பகடையைத் தொடுவார். வாரமெல்லாம் ஊராரை மேலே ஏற்றி இறக்கும் மனிதர், ஞாயிறு மதியம் எங்களைப் பாதாளச் சிறையில் தள்ளிக் கதவைச் சாத்துவார். மேசையைச் சுற்றி உட்கார்ந்து வாயால் ஆடும் கதை விளையாட்டு; கதை நடத்துவது அவர். நாங்கள் ஆளுக்கொரு பாத்திரம். நினைத்தது நடக்குமா என்பதைப் பகடை சொல்லும்.

மருந்துக்கடைக்காரரும் நானும் வாள்வீரர்கள். வெட்டுவதற்குக் கணக்கே இல்லை. மெக்கானிக்கின் அக்கா கற்றுக்குட்டி மந்திரவாதி. ஓர் ஆட்டத்துக்கு இரண்டு பெரிய மந்திரம்தான். தீராதது ஒரு சின்ன மந்திரம்: கண்ணுக்குத் தெரியாத கை, எட்ட இருந்தே ஒரு டம்ளர் தூக்கும். "அக்கா, அந்தக் கையால எனக்குத் தண்ணி எடுத்துக் குடுங்க" என்பேன். பெரியவை தீர்ந்ததும் அக்கா, கிளம்பப் போகிறவர்போல, கைப்பையை மடியில் வைத்துக்கொள்வார். வேலை போனதிலிருந்து அவர் வெளியே வருவது இந்த மேசைக்கு மட்டும்தான். "வீட்லயும் சும்மா, இங்கயும் சும்மாவாடா?" என்று ஒருநாள் தம்பியைக் கேட்டார்.

அடுத்த ஆட்டத்தில் மெக்கானிக் ஒரு தவறு செய்தார். கதை நடத்துபவர் தன் குறிப்புகளை மறைக்க முன்னால் நிறுத்தும் மறைப்பு அட்டைக்குப் பின்னால் பகடையை உருட்டி, அக்கா மேல் பாய்ந்த பூதமெல்லாம் குறி தவறியதாக அளந்தார். அக்கா எட்டிப் பார்த்துவிட்டார்.

"எனக்குப் பாவம் பாக்காதடா. இன்னும் ஒரே ஒரு வாரம் வரேன். அப்புறம் கூப்பிடாத."

அந்த வாரம் மெக்கானிக் முகத்தில் ஈயாடவில்லை. "அக்காவை மாத்தக் கூடாதுங்க. கதவைத்தான் மாத்தணும்" என்றார் என்னிடம். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

ஞாயிறு வந்தது. ஆட்டத்தில் எதிரே, மேலே தூக்கித் திறக்கும் இரும்புக் கம்பிக் கதவு. பின்னால் வெள்ளம் ஏறுகிறது. வீரர்கள் இருவரும் தூக்கிப் பார்த்தோம், அசையவில்லை. அக்காவின் மந்திரங்கள் காலி. பை மடிக்கு வந்துவிட்டது. மெக்கானிக் உதட்டைக் கடித்துக்கொண்டு கூரையைப் பார்த்தார்.

"இவ்ளோ கனத்தை எப்படிடா தூக்குவாங்க? உன் லிஃப்ட் மாதிரி எடைக்கல் தொங்குமா?" என்றார் அக்கா.

"தொங்குது, கம்பிக்கு அந்தப் பக்கம். ஒரு முளை அதைப் பிடிச்சிருக்கு."

"கை எட்டுமா?"

"யாருக்கும் எட்டாது."

"என் கை எட்டும்டா. டம்ளர் தூக்குற கை! முளையை உருவுறேன், கல்லு இறங்கட்டும், கதவு ஏறட்டும்."

பை நழுவி விழுந்தது. அக்கா குனியவில்லை.

"முளை துருப்பிடிச்சது. வந்தாலும் வரும், வராமலும் போகும்க்கா" என்றார் மெக்கானிக். மறைப்பு அட்டையை மடித்துக் காலடியில் வைத்தார். பகடையை இன்னொரு முறை துடைத்து, அக்காவின் பக்கம் நகர்த்தினார்.